ஊருக்குப் பேட்டரி வாங்கிப் போகிறீர்களா? சார்ஜரையும் பாருங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து வீட்டுக்கு விடுமுறையில் போகிறவர்களில் பலர் பெட்டியில் ரீசார்ஜ் பேட்டரியும் எடுத்துப் போகிறார்கள். அம்மா பிரஷர் பார்க்கும் கருவிக்கு, அப்பா மின்னல் எஃப்.எம். கேட்கும் ரேடியோவுக்கு, கரண்ட் போனால் தேடும் டார்ச் லைட்டுக்கு. நல்ல காரியம்தான். ஆனால் திரும்பி வந்த கொஞ்ச நாளில் போன் வரும்: “நீ வாங்கிக் குடுத்த பேட்டரி சீக்கிரமே தீர்ந்து போவுதுப்பா.” பெரும்பாலும் பேட்டரி மேல் தப்பிருக்காது. வீட்டிலிருக்கும் பழைய சார்ஜர் அதை நிரப்பியே இருக்காது.

போய் இறங்கியதும் அந்தச் சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள். பின்னால் சின்ன எழுத்தில் அவுட்புட் என்ற வரி இருக்கும். அதில் 150 மில்லி ஆம்பியர் என்று போட்டிருக்கிறது, பேட்டரி மேல் அதன் கொள்ளளவு 2500 எம்.ஏ.எச். (மில்லி ஆம்பியர் மணி) என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2500-ஐ 150-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 17 மணி நேரம். ஏற்றுகிற மின்சாரத்தில் ஒரு பகுதி சூடாகி வீணாவதால் அதை 1.4-ஆல் பெருக்க வேண்டும். 23 மணி நேரத்துக்கு மேல் வரும். சார்ஜரோ 1000, 1300 கொள்ளளவுப் பேட்டரிகள் ஓடிய காலத்தில் செய்ததாக இருக்கும். அதன் டைமர் 14 மணி நேரத்தில் நின்றால், பச்சை விளக்கு எரிந்தாலும் பேட்டரி 60 விழுக்காடுதான் நிறைந்திருக்கும்.

அவசரத்துக்கு, அதே சார்ஜரில் இரண்டாவது சுற்று 9 மணி நேரம் போட்டு, கையால் சுவிட்சை அணைக்கலாம். இதைப் பெரியவர்களைத் தினமும் செய்யச் சொல்வது சரியில்லை. மாலையில் இடி மழை வந்து ஒரு நொடி கரண்ட் போய் வந்தாலும் பல டைமர்கள் முதலிலிருந்து எண்ணத் தொடங்கும். ஏறக்குறைய நிறைந்த பேட்டரி மறுபடி முழுச் சார்ஜ் வாங்கிச் சூடாகும், ஆயுசும் குறையும்.

அதனால் என் யோசனை, பேட்டரியோடு சார்ஜரையும் சேர்த்தே வாங்குங்கள். ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாகக் கவனிக்கும் ஸ்மார்ட் சார்ஜராக இருக்கட்டும். இந்த ரீசார்ஜ் பேட்டரி, அதாவது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி, நிறையும்போது அதன் வோல்டேஜ் சில மில்லி வோல்ட் இறங்கும். அதைப் பிடித்துத்தான் இந்தச் சார்ஜர் நிற்கிறது. ரொம்ப மெதுவாக ஏற்றினால் அந்த இறக்கம் தெரியாது. ஏஏ அளவுக்கு 500 முதல் 1000 மில்லி ஆம்பியர் தருவது நல்லது. இரண்டிரண்டாக மட்டும் ஏற்றும் சார்ஜர் வேண்டாம். மூன்று பேட்டரி போடும் டார்ச் லைட்டுக்கு அது எப்போதும் தலைவலி.

பேட்டரியிலும் பெரிய எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். இந்த வகை ஏஏ பேட்டரி 2700, 2800-க்கு மேல் போவது அரிது. பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) 4000 என்று எழுதி விற்றால் நம்பவே வேண்டாம். வீட்டு உபயோகத்துக்கு 2000 போதும் என்பேன். சான்யோ 2005-இல் கொண்டுவந்த எனலூப் வகை, சும்மா வைத்திருந்தாலும் மாதக்கணக்கில் சார்ஜைப் பிடித்து வைக்கும். எப்போதோ எடுக்கிற டார்ச் லைட்டுக்கு அதுதான் முக்கியம். கொள்ளளவு கூடிய ரகங்களை அத்தனை முறை சார்ஜ் செய்யவும் முடியாது.

மலேசியாவில் 230–240 வோல்ட், மூன்று சதுரக் கால் பிளக். பிரிட்டன், சிங்கப்பூர் சார்ஜர் அப்படியே பொருந்தும். ஆஸ்திரேலியாவிலிருந்து போனால் அடாப்டர் வேண்டும். கனடா, அமெரிக்காவிலிருந்து போகிறவர்கள் இன்புட் வரியில் 100–240 என்று இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். 120 மட்டும் என்றால் அடாப்டர் போட்டாலும் சார்ஜர் கருகிவிடும்.

அப்புறம், ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்கள் தலையில் கட்டும் லைட்டில் லித்தியம் பேட்டரி இருந்தால் அதற்கு அதற்கென்றுள்ள சார்ஜர்தான். கடையில் வாங்கும் சாதாரண அல்கலைன் பேட்டரியையும் இந்த ஸ்மார்ட் சார்ஜரில் போடக் கூடாது என்று வீட்டில் சொல்லி வையுங்கள். ஒன்றாக வாங்கிய பேட்டரிகளின் மேல் மார்க்கரால் ஒரே அடையாளம் போட்டுக் கொடுத்தால், பழசும் புதுசும் ஒரே கருவிக்குள் கலக்காது.