கடன்பட்ட பாட்டனைக் கண்டுபிடிப்பது சுலபம்

குடியாத்தத்தில் முப்பத்தோரு வருடம் பத்திரம் எழுதினேன். விட்டுவிட்ட பிறகும் வீட்டுத் திண்ணைக்கு ஆள் வருவது நிற்கவில்லை. முன்பு கிரயம் எழுத வந்தார்கள், இப்போது கொள்ளுத் தாத்தாவைத் தேடி வருகிறார்கள். வருபவர்களில் பாதிப் பேர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "சார், பழைய சென்சஸ்ல எங்க தாத்தா பேரு இருக்குமா?"

இருக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அலைச்சல் மிச்சம். இங்கிலாந்தில் 1921 சென்சஸ் படிவங்களை 2022-ல் திறந்துவிட்டார்கள். அமெரிக்காவில் 1950-ஆம் வருடத்தியதும் அதே 2022-ல் வெளியானது. யூடியூபில் அதைப் பார்த்துவிட்டு நம் ஊரிலும் அப்படித்தான் என்று நினைக்கிறார்கள். சென்னை மாகாணத்தில் 1871-லும், நாடு முழுக்க ஒரே நேரத்தில் 1881-லும் தலைக்கணக்கு எடுத்தார்கள். வீடு வீடாக எழுதியதும் உண்மை. ஆனால் கூட்டிக் கழித்துப் பார்த்த பிறகு அந்தப் படிவங்களை யாரும் வைத்துக்கொள்ளவில்லை. சுதந்திரத்துக்குப் பிந்தியவற்றை 1948 சென்சஸ் சட்டம் பூட்டி வைத்திருக்கிறது. தனி ஆள் விவரம் யாருக்கும் கிடைக்காது, கோர்ட்டிலும் சாட்சியமாகாது.

நமக்கு மிஞ்சுவது எண்ணிக்கைதான். எங்கள் வட ஆற்காடு ஜில்லாவில் 1871-ல் இருபது லட்சத்துக்குச் சற்று மேல் இருந்த ஜனம் 1881-ல் பதினெட்டு லட்சத்துச் சொச்சமாகிவிட்டது. இடையில் வந்தது தாது வருஷப் பஞ்சம். எத்தனை பேர் குறைந்தார்கள் என்று சென்சஸ் அறிக்கை சொல்லும், யார் யார் என்று சொல்லாது. ஊர்ப் பெயரைச் சரிபார்க்கவும், அந்த ஊர் எந்தத் தாலுக்காவில் இருந்தது என்று பார்க்கவும் மாவட்ட சென்சஸ் கையேடு உதவும். அதோடு அதை மூடி வையுங்கள்.

மூடிவிட்டு மொய் நோட்டை எடுங்கள். அப்பா கல்யாணத்து நோட்டு, அத்தை கல்யாணத்து நோட்டு, எதுவானாலும் சரி. டிரங்குப் பெட்டியின் அடியில், பட்டுப் புடவைக்கும் கீழே இருக்கும். ஊர், பேர், தொகை என்று மூன்று கலம். தொகையை விடுங்கள், ஊரைப் பாருங்கள். ஒரே ஊரிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்திருந்தால் அங்கே உங்களுக்குக் கொடுக்கல் வாங்கல், அதாவது பெண் கொடுத்த உறவோ பெண் எடுத்த உறவோ இருக்கிறது என்று அர்த்தம். தாய்மாமன் சீர் யார் பேரில் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பாட்டியின் பிறந்த வீடு அங்கே அகப்படும். பெண்கள் வழியைப் பிடிக்க இதைவிட நல்ல காகிதம் எனக்குத் தெரியாது. அடுத்தது கருமாதிப் பத்திரிகை. அதில் மகன், மருமகன், பேரன், பங்காளி என்று வரிசையாக அச்சடித்திருப்பார்கள். துக்கக் காகிதம் வீட்டில் இருக்கக் கூடாது என்று கிழித்துப் போடும் வழக்கத்தால் பாதிக் கொடிவழி குப்பைக்குப் போய்விட்டது.

பெரியவர்களிடம் கேட்பதற்கு ஒரு முறை உண்டு. "உங்க தாத்தாவோட அப்பா பேரு என்ன?" என்று கேட்டால் பதில் வராது. என் பெரிய அத்தையிடம் அப்படிக் கேட்டதற்கு, "இன்னாடா, பரிட்சை வைக்கறியா?" என்று வெற்றிலையை மடித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். மறுநாள் வேறு மாதிரிக் கேட்டேன்: "ஏன் அத்தை, யார் யார் செத்தா நமக்குப் பத்து நாள் தீட்டு?" உடனே பதினோரு குடும்பத்தை விரல் விட்டு எண்ணினாள். அதில் மூன்று குடும்பத்தோடு எங்களுக்குப் பேச்சுவார்த்தையே கிடையாது. அப்படி ஒரு பங்காளி இருப்பதே எனக்குத் தெரியாது. பெயர் மறந்துபோகும், தீட்டு மறக்காது. அதே மாதிரி ஒருவரை ஏன் மாமன் என்கிறோம், இன்னொருவரை ஏன் சித்தப்பா என்கிறோம் என்று கேளுங்கள். முறை சொல்லும் வழக்கத்துக்குள் ஒரு நூறு வருடம் ஒளிந்திருக்கும்.

குலதெய்வம் எது, எந்த ஊரில் என்பதையும் அன்றைக்கே எழுதிக்கொள்ளுங்கள். பிழைப்புக்காக ஊர் மாறுவார்கள், முதல் மொட்டையை மட்டும் பழைய ஊரில்தான் போடுவார்கள்.

சரி, இனி அரசாங்கக் காகிதம். நான் பார்த்தவரையில் நம் பக்கத்தில் தடயம் விட்டுப் போனவர்கள் மூன்று வகை: கடன் வாங்கியவர், பங்கு பிரித்தவர், கோர்ட்டுக்குப் போனவர். ஒழுங்காக உழைத்து, யாரிடமும் கைநீட்டாமல், அண்ணன் தம்பி ஒற்றுமையாக வாழ்ந்து செத்த குடும்பத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு வரி இருக்காது. பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று கிடைத்தால் மூன்று தலைமுறை ஒரே மூச்சில் வந்துவிடும். பாகத்துக்கு யார் யார் பாத்தியப்பட்டவர்கள் என்று முதல் பக்கத்திலேயே எழுதியாக வேண்டும். பாக வழக்கு நடந்திருந்தால் இன்னும் விசேஷம். பிராதோடு வம்சாவளிப் படத்தையே வக்கீல் வரைந்து சேர்த்திருப்பார், அதுவும் எதிராளி குறுக்கு விசாரணை செய்து திருத்திய படம்.

தேடும் முறையைச் சொல்கிறேன். வீட்டில் இருக்கும் மிகப் பழைய பத்திரத்தை எடுங்கள். அதில் "தாய்ப்பத்திரம்" என்று ஒரு எண்ணும் வருடமும் குறித்திருக்கும். அந்த எண்ணுக்கு நகல் மனு போடுங்கள். வரும் நகலில் அதற்கு முந்திய எண் இருக்கும். இப்படியே ஏணி இறங்குகிற மாதிரி இறங்கலாம். பத்திரமே இல்லையென்றால் சர்வே எண்ணை வைத்து வில்லங்கச் சான்று கேளுங்கள். அண்மைக் காலத்துக்கு ஆன்லைனிலேயே வந்துவிடும், பழைய வருடங்களுக்குக் கையால்தான் தேட வேண்டும். சர்வே எண்ணும் தெரியாதா? பெயர் அட்டவணை இருக்கிறது. எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் பெயர்கள் அகர வரிசையில் இருக்கும். தேடுகூலி கட்டினால் பார்க்கலாம். அசையாச் சொத்துக்கான 1-ம் புத்தகத்தில் யாரும் நகல் கேட்கலாம். உயில் பதிவாகும் 3-ம் புத்தகத்தில், எழுதியவர் இறந்திருந்தால் யாரும் கேட்கலாம். இதரப் பத்திரங்களுக்கான 4-ம் புத்தகம் மட்டும் சம்பந்தப்பட்டவர்களுக்கும் அவர்கள் வாரிசுகளுக்கும்தான்.

நகல் கையில் வந்ததும் சொத்து விவரத்துக்குத் தாவாதீர்கள். கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். எழுதிக் கொடுத்தவரை இன்னார்தான் என்று அடையாளம் சொன்ன "நிரூபித்தவர்" இருவர் பெயர், தகப்பனார் பெயர், ஊர் எல்லாம் அங்கே இருக்கும். நான் எழுதிய காலத்தில்கூட அந்த இருவரில் ஒருவராவது மச்சானாகவோ பங்காளியாகவோ இருப்பார். வேலை மெனக்கெட்டு வேறு யார் வருவார்கள்?

என் குடும்பம் தறிக் குடும்பம், நிலம் கிடையாது. அதனால் ஒன்றும் அகப்படாது என்றே ரொம்ப நாள் இருந்துவிட்டேன், ஊருக்கெல்லாம் எழுதியவன் என் வீட்டுக்குத் தேடவில்லை. அப்புறம் ஒரு நாள், வேறு ஒருவருக்காகப் பெயர் அட்டவணை பார்க்கும்போது கொள்ளுத் தாத்தா பெயர் கண்ணில் பட்டது. 1926, அட்சய வருஷம் ஐப்பசி மாதம், வீட்டை முந்நூறு ரூபாய்க்கு அடமானம் வைத்திருக்கிறார். நூல் வாங்கவோ, மகள் கல்யாணத்துக்கோ. கையெழுத்து இடத்தில் ஒரு கீறல், பக்கத்தில் "இது இன்னார் கைக்கீறல்" என்று எழுதியவரின் குறிப்பு. கொள்ளுத் தாத்தா பெயருக்கு முன்னால்தான் நான் அதுவரை கேள்விப்படாத இரண்டு வார்த்தை: "சுவீகார குமாரன்," அதாவது தத்துப்பிள்ளை. பிறந்த ஊர் போளூர் தாலுக்கா என்றும் இருந்தது. குடியாத்தம் பங்காளிகள் எல்லோரும் ஒரு கோயிலுக்குப் போக, எங்கள் வீட்டில் மட்டும் ஏன் படவேடு ரேணுகாம்பாளுக்கும் மொட்டை போடுகிறோம் என்று சின்ன வயதில் கேட்டு அடி வாங்கியிருக்கிறேன். படவேடு அந்தக் காலத்துப் போளூர் தாலுக்கா.

தம்பியிடம் சொன்னேன். "இதையெல்லாம் ஏன் தோண்டறே?" என்றான், நான்கு நாள் போன் எடுக்கவில்லை. ஆகவே ஒரு யோசனை: சுவீகாரம், இரண்டாம் தாரம், பண்ணையாளாக இருந்த சீட்டு, இப்படி ஏதாவது வந்தால் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டோவாகப் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொருவராக நேரில் சொல்லுங்கள்.

படிக்கும்போது தடுக்கி விழும் இடங்கள் சில உண்டு. பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் முனுசாமி மகன் சின்னசாமி, சின்னசாமி மகன் முனுசாமி என்று மாறி மாறி வரும். எந்த முனுசாமி என்று வருடத்தை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். வருவாய்க் கணக்கில் பசலி இருக்கும், 590 கூட்டினால் இங்கிலீஷ் வருடம். பசலி 1336 என்றால் 1926 ஜூலையில் தொடங்கியது. தமிழ் வருடம் அறுபதுக்கு ஒருமுறை திரும்பி வரும். ஆயா "தாது வருஷத்துல பொறந்தேன்" என்றால் அது பஞ்சத்து 1876-ஆ, 1936-ஆ என்று ஆளைப் பார்த்து முடிவு செய்யுங்கள். வாணியம்பாடியைப் பாலாற்று வெள்ளம் கொண்டுபோன 1903-ஐயும் பெரியவர்கள் குறியாக வைத்துச் சொல்வார்கள். பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவேட்டில் தகப்பன் பெயரையும் ஊரையும் நம்பலாம், பிறந்த தேதியை நம்பக் கூடாது. எங்கள் தலைமுறையில் பாதிப் பேர் மே, ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள், வாத்தியார் புண்ணியம்.

நிலம் இருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம், எந்த சர்வே எண் யார் பெயரில் என்று காட்டும் அ-பதிவேடு பாருங்கள். அதற்கு முந்திய செட்டில்மென்ட் பதிவேடுகளுக்கு மாவட்ட ஆவணக் காப்பறை, அங்கே இல்லையென்றால் எழும்பூர் ஆவணக் காப்பகம். ஜமீன், ஜாகீர் கிராமமென்றால் 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் ரயத்துவாரிக் கணக்கு, அதாவது சர்க்காரே நேராக ரயத்து பெயரில் வைக்கும் கணக்கு வரும், ஆரணி ஜாகீர் பக்கத்தார் கவனிக்கவும். 1980-ல் ஊர்க் கணக்கு எழுதிய கர்ணம், ஊர் அதிகாரியான மணியம் பதவிகள் ஒழிந்தபோது எல்லாக் கணக்குக் கட்டும் ஒப்படைக்கப்படவில்லை. பழைய கர்ணம் வீட்டுப் பரணில் இன்னும் கிடக்கலாம். வெறுங்கையோடு போகாதீர்கள், பழம் வாங்கிப் போங்கள்.

ஜில்லா எல்லையில் ஏமாறுபவர்கள்தான் அதிகம். போன வருடம் தென்னாப்பிரிக்கா டர்பனிலிருந்து ஒரு டீச்சரம்மா வந்திருந்தார். கையில் கப்பல் பட்டியல் நகல். 1860-லிருந்து 1911 வரை நேட்டால் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஒன்றரை லட்சம் பேர் போனார்கள், வட ஆற்காட்டிலிருந்து ஏராளம். கடன், பங்கு, வழக்கு இல்லாதவருக்குக் காகிதம் இல்லை என்று சொன்னேன் அல்லவா, இங்கே மட்டும் தலைகீழ்: கப்பலேறிய ஒவ்வொரு ஆளுக்கும் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுக்கா, கிராமம், உயரம், உடம்பிலுள்ள தழும்பு வரை எழுதி வைத்திருக்கிறார்கள். இணையத்திலும் தேடலாம். பிஜிக்குச் சென்னையிலிருந்து கப்பல் விட ஆரம்பித்தது 1903-ல். அப்போது ஆளுக்கு ஒன்றாக எழுதிய குடியேற்றச் சீட்டுகளிலும் இதே மாதிரி விவரம் உண்டு.

டீச்சரம்மா "வட ஆற்காடு" என்ற சொல்லை நம்பி இரண்டு நாள் வேலூரைச் சுற்றிவிட்டார். தாலுக்கா என்று இருந்ததோ பலமநேரி, இன்றைக்கு ஆந்திராவில் இருக்கிறது. 1911-க்கு முன் சித்தூர், சந்திரகிரி, பலமநேரி எல்லாம் வட ஆற்காட்டோடுதான் இருந்தன, ஜில்லாவின் தலைநகரே சித்தூர். அந்த வருடம்தான் சித்தூர் தனியாகப் போனது, சேலத்திலிருந்த திருப்பத்தூர் இங்கே வந்தது. அப்புறம் 1989-ல் திருவண்ணாமலை பிரிந்தது, 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும். ஆக, காகிதத்தில் ஜில்லாவைப் பார்க்காதீர்கள், தாலுக்காவைப் பாருங்கள்.

கிராமத்தின் பெயரை வெள்ளைக்கார கிளார்க் காதில் விழுந்தபடி எழுதியிருந்தான். எனக்கே புரியவில்லை. பலமநேரி பஸ் கண்டக்டரிடம் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினோம். மூன்றாவது தடவை படிக்கும்போது சிரித்துவிட்டு, இறங்க வேண்டிய ஸ்டாப்பைச் சொன்னார்.

வீட்டில் பட்டாளத்துக்காரர் இருந்தால் டிஸ்சார்ஜ் புத்தகத்தைத் தேடுங்கள்; கம்மவான்பேட்டை மாதிரி ஊர்களில் வீட்டுக்கு ஒன்று இருக்கும். உலகப் போரில் இறந்திருந்தால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயரைப் போட்டுப் பாருங்கள், பல பேருக்குத் தகப்பன் பெயரும் ஊரும் இருக்கின்றன. ஆற்காடு மிஷன் காலத்துச் சபைகளில் ஞானஸ்நானப் பதிவேடும், பள்ளிவாசல்களில் நிக்காஹ் பதிவேடும் உண்டு. அதெல்லாம் கேட்கும் விதத்தில் கேட்டால் கிடைக்கும்.

என் தேடல் இன்னும் முடியவில்லை. சுவீகாரப் பத்திரம் பதிவாகியிருந்தால் போளூர் பக்கம் 4-ம் புத்தகத்தில் இருக்க வேண்டும். அதன் நகல் வாரிசுக்குத்தான் தருவார்கள். என் அப்பா, தாத்தா, கொள்ளுத் தாத்தா மூவருக்கும் நான் வாரிசு என்று காகிதம் காட்டியாக வேண்டும். ஊருக்கெல்லாம் ஆயிரம் தடவை எழுதிக் கொடுத்த மனுதான், நேற்று ராத்திரி எனக்காக எழுத உட்கார்ந்தேன். கொள்ளுத் தாத்தா இறந்த தேதி என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. காலையில் அத்தை வீட்டுக்குப் போகிறேன், அவர் செத்த தீட்டில் எந்தப் பொங்கல் நின்றுபோனது என்று கேட்க.