கோலிக்குண்டும் தீப்பெட்டியும்: இயக்க ஆற்றலை வீட்டுத் தரையில் அளப்பது எப்படி?

வெப்பம், ஒளி, ஒலி என்று ஆற்றலின் வகைகளைப் படிப்பதில் என் மகளுக்குச் சிரமம் இல்லை. "வேகம் இரண்டு மடங்கானால் இயக்க ஆற்றல் ஏன்பா நாலு மடங்கு ஆகுது?" என்ற கேள்வியில்தான் இருவரும் மாட்டிக்கொண்டோம். காட்பாடியில் எங்கள் வீட்டு மொசைக் தரையில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து விடை கண்டோம்.

1. நடுவில் பள்ளம் உள்ள 30 செ.மீ. பிளாஸ்டிக் ஸ்கேல் வாங்குங்கள். மர ஸ்கேல் வேண்டாம், குண்டு பக்கவாட்டில் ஓடிவிடும்.

2. தீப்பெட்டியின் உள்பெட்டியை எடுத்து, ஒரு பக்கத்துச் சுவரை மட்டும் வெட்டுங்கள். குண்டு உள்ளே புகுந்து பெட்டியையும் தள்ளிக்கொண்டு போக வேண்டும்.

3. நாலைந்து புத்தகங்களின் மேல் ஸ்கேலின் ஒரு முனையைச் சாய்த்து, அடிமுனைக்கு எதிரே பெட்டியை வையுங்கள்.

4. முதல் ஞாயிறு முழுவதும் வீணானது இங்கேதான். உயரத்தைக் கூட்ட நான் புத்தகங்களை அடுக்கிக்கொண்டே போனேன். சரிவு செங்குத்தாகி, குண்டு தரையில் மோதித் துள்ளியது. ஆற்றலில் பெரும்பங்கு சத்தமாகவும் அதிர்வாகவும் போய்விட்டது. புத்தகங்களைத் தொடாதீர்கள். குண்டை விடும் இடத்தை மட்டும் மாற்றுங்கள்: அடிமுனையிலிருந்து 7 செ.மீ., பிறகு 28 செ.மீ. ஸ்கேலும் தரையும் சேரும் இடத்தில் ஒரு துண்டு அட்டையை ஒட்டினால் குண்டு வழுக்கி இறங்கும்.

5. ஒவ்வொரு இடத்திலிருந்தும் குண்டை ஐந்து முறை விட்டு, பெட்டி நகர்ந்த தூரத்தை அளந்து சராசரி எடுங்கள்.

சரிவில் குண்டின் வேகம் நேரத்தோடு சீராகக் கூடுகிறது. நாலு மடங்கு தூரம் உருள இரண்டு மடங்கு நேரம்தான் ஆகும். அதனால் அடியில் வேகமும் இரண்டு மடங்குதான். ஆனால் பெட்டி நகர்வது ஏறக்குறைய நாலு மடங்கு தூரம்! குண்டின் இயக்க ஆற்றல் எத்தனை மடங்கோ, பெட்டி நகரும் தூரமும் அத்தனை மடங்கு. அதைப் பார்த்ததும் மகள் தானே நோட்டை எடுத்தாள். 18ஆம் நூற்றாண்டில் ஸ்கிராவசாண்டே என்ற டச்சு அறிஞர் பித்தளைக் குண்டுகளைக் களிமண்ணில் போட்டு இதே உறவைக் கண்டார்.

இனி கணக்கு. இயக்க ஆற்றல் = ½ × நிறை × வேகத்தின் வர்க்கம். மேம்பாலத்தில் சைக்கிளில் இறங்குகிறீர்கள். சைக்கிளும் நீங்களும் சேர்ந்து 60 கிலோ, வேகம் மணிக்கு 18 கி.மீ. அப்படியே 18ஐப் போட்டால் 9,720 வரும், தவறு. முதலில் 3.6ஆல் வகுங்கள்: விநாடிக்கு 5 மீட்டர். ½ × 60 × 25 = 750 ஜூல். அதுவே மணிக்கு 36 கி.மீ. என்றால் 3,000 ஜூல். பிரேக் பிடித்து நின்றதும் ரிம்மைத் தொட்டால் லேசாகச் சுடும். இயக்க ஆற்றலின் பெரும்பகுதி அங்கே வெப்பமாகிவிட்டது.

பிறகு சேர்த்தது: பெட்டி மூன்று மடங்குதான் நகர்ந்தது என்று ஒருவர் எழுதியிருந்தார். அட்டையின் விளிம்பு தூக்கிக்கொண்டிருக்கிறதா, தரையில் தூசி இருக்கிறதா என்று பாருங்கள். நேற்று எங்களுக்கும் மூன்றரைதான் வந்தது. ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்ட பிறகு நாலை நெருங்கியது.