உரைகல்லில் எவ்வளவு அழுத்துவது?

கதையில் ஒருவருடைய மனப்போராட்டத்தை எழுத உட்காரும் அன்று, ‘தவித்தார்’, ‘துடித்தார்’, ‘செய்வதறியாது திகைத்தார்’ ஆகிய சொற்களைத் தொடுவதில்லை என்று முடிவு செய்துகொள்ளுங்கள். அவை இல்லாமல் எழுத வரவில்லை என்றால், அந்த ஆள் எதற்கும் எதற்கும் இடையே மாட்டிக்கொண்டிருக்கிறார் என்பது உங்களுக்கே இன்னும் பிடிபடவில்லை.

என் கதை ஒன்றை வைத்தே சொல்கிறேன். ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் நகைக்கடன் பிரிவில் 18 ஆண்டுகள் எழுத்தராக இருந்தேன். அடுத்த மேசை நகை மதிப்பீட்டாளருடையது. ஓய்வு பெற்றபின் எழுதிய கதையில், ஒரு மதிப்பீட்டாளரிடம் அவருடைய தங்கையே சங்கிலியோடு வருகிறாள். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு மறுநாள் கடைசி நாள். சங்கிலி முலாம் பூசியது. அவர் தங்கம் என்றே எழுதிக் கொடுத்துவிடுகிறார். கடமையா பாசமா என்று அவர் தன்னையே கேட்டுக்கொள்வதை ஒன்றரைப் பக்கத்துக்கு உருக்கமாக எழுதியிருந்தேன். வாசகர் வட்டத்தில் படித்தபோது மூன்று பேர் ஒரே குரலில் சொன்னார்கள்: நம்ப முடியவில்லை.

“இப்படி ஒன்று நிஜமாகவே நடந்திருக்கிறது” என்றேன். இந்தப் பதிலை நீங்கள் ஒருநாளும் சொல்லாதீர்கள். ஊரில் ஆயிரம் நடக்கும். இந்த ஆள் இதைச் செய்வாரா என்றுதான் வாசகர் கேட்கிறார். அதற்கான சாட்சி கதைக்குள்தான் இருக்க வேண்டும். வாக்குவாதத்தை விட்டுவிட்டு, எந்த வரியில் நம்பிக்கை போனது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். என்னிடம் அவர்கள் காட்டியது, அவர் கையெழுத்துப் போடும் வரியை. கோளாறு இருந்ததோ அதற்கு நான்கு பக்கம் முன்னால். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

ஆகவே முன்னால் போங்கள். தோற்கப்போகும் பக்கத்துக்கு முதலில் எடை வையுங்கள். என் முதல் படியில் கடமை என்பது வெறும் சொல்லாக நின்றது. அதை மீறினால் அவருக்கு என்ன போகும்? தணிக்கையில் போலி என்று தெரிந்தால் பணம் அவர் தலையில் விழும், வேலையும் போகும். அதைவிடப் பெரிதாக ஒன்று வேண்டும் என்று தோன்றியது. இரண்டாம் பக்கத்தில், ஊர்ப் பெரியவர் ஒருவரின் வளையலை, சங்க அலுவலகம் முழுக்க ஆள் இருக்கும்போது, “இது ஆகாது ஐயா” என்று அவர் திருப்பிக் கொடுக்கும் காட்சியைச் சேர்த்தேன். அந்த நேர்மையின்மேல் அவருக்குக் கர்வம் உண்டு. இப்போது தங்கை உள்ளே வந்தால் வாசகருக்கே வயிற்றைப் பிசையும்.

இதைப் பெரியவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று பார்க்க, 1966இல் ஆனந்த விகடனில் வந்த ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ ஒன்று போதும். கெடுக்கப்பட்டு வந்த மகளின் தலையில் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள் தாய். ஒரு தாய் அப்படிச் செய்வாளா என்று அன்று பெரிய விவாதமே எழுந்தது. ஆனால் அவள் முதலில் மகளை அடிக்கிறாள் என்பதைக் கவனியுங்கள். அக்கம்பக்கத்தார் கேட்டதும், மழையில் நனைந்து வந்ததற்காக அடிப்பதாகச் சொல்லி மறைக்கிறாள். தண்ணீர் அதற்குப் பிறகுதான். அந்த அடி இல்லையென்றால் அந்தத் தண்ணீரை நான் நம்பியிருக்க மாட்டேன். தாய் ஊரைக் கூட்டிவிட்டால் என்ன ஆகும் என்பதிலிருந்து ஜெயகாந்தனே பின்னர் ஒரு நாவலையும் எழுதினார்.

அடுத்தது, போராட்டத்தை மனத்திலிருந்து கைக்குக் கொண்டுவருவது. எனக்கு இதில்தான் மாதக்கணக்கில் ஆனது. நகையை உரைகல்லில் இழுத்தால் கோடு விழும். அதன்மேல் நைட்ரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் பித்தளைக் கோடு கரைந்துபோகும். தங்கக் கோடு நிற்கும். முலாம் பூசிய நகையை மேலோட்டமாக இழுத்தால் கல்லில் ஏறுவது முலாம் மட்டுமே, கோடு நின்றுவிடும். அழுத்தித் தேய்த்தால்தான் உள்ளே இருப்பது வெளிவரும். சந்தேகம் வந்தால் அரத்தால் ஓரிடத்தில் ராவியும் பார்ப்பார்கள். அப்படியானால் கடமைக்கும் பாசத்துக்கும் இடையிலான தூரம் முழுவதும் அவருடைய பெருவிரல் அழுத்தத்தில் இருக்கிறது! ஒன்றரைப் பக்கத்தையும் அடித்துவிட்டு நான்கு வரி எழுதினேன். அரத்தை மேசை இழுப்பறைக்குள் தள்ளுகிறார். லேசாக ஒரு கோடு இழுக்கிறார்.

உங்கள் பாத்திரம் ஆசிரியை என்றால் சிவப்பு மை, நடத்துநர் என்றால் டிக்கெட் கட்டு, சமையல்காரர் என்றால் உப்பு. தேடினால் கிடைக்கும்.

எழுதி முடித்ததும் அந்தத் தொழில் தெரிந்த ஒருவருக்குப் படித்துக் காட்டுங்கள். கதை நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள். எங்கே தவறு என்று மட்டும் கேளுங்கள். நான் பழைய நண்பரான மதிப்பீட்டாளர் ஒருவருக்குப் படித்தேன். கண்ணை மூடிக் கேட்டவர், “கல்லுக்குப் போகும் முன்பே அவனுக்குத் தெரிந்திருக்கும்” என்றார். தங்கத்தின் அடர்த்தி பித்தளையைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. சங்கிலியின் தடிமனுக்கு ஏற்ற கனம் இல்லையென்றால் வாங்கிய மாத்திரத்தில் உள்ளங்கை சொல்லிவிடும்.

அன்று இரவே மாற்றினேன். தங்கை சங்கிலியைக் கையில் வைக்கிறாள். அவர் தராசைப் பார்க்கவில்லை. “காலேஜ் என்றைக்குத் திறக்கிறது?” என்று கேட்டுக்கொண்டே, துடைத்த கல்லை இன்னொரு முறை துடைக்கிறார்.