எஸ்பிஎஃப் 'பாஸ்', ஆனாலும் மெயில் ஸ்பாமில்?

மாங்காய் சீசன் வந்தால் கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைக்காரர்கள் ஜூஸ் கம்பெனிகளுக்கு விலைப்பட்டியல் அனுப்பத் தொடங்குவார்கள். போன சீசனில் ஒருவர் கூப்பிட்டார். "எஸ்பிஎஃப் போட்டாச்சு தம்பி, பாஸுன்னுதான் காட்டுது. அப்புறம் ஏன் ஸ்பாமுக்குப் போகுது?" எஸ்பிஎஃப் என்பது ஒரு டொமைனின் (மெயில் முகவரியில் @-க்குப் பின்னால் வரும் பெயர்) சார்பில் எந்தெந்த சர்வர் மெயில் அனுப்பலாம் என்ற பட்டியல். போய்ப் பார்த்தேன். பாஸ் ஆனது அவருடைய டொமைனே இல்லை.

படி 1: நீங்கள் பயன்படுத்தும் மெயில் சேவையிலிருந்து உங்கள் ஜிமெயிலுக்கே ஒரு மெயில் அனுப்புங்கள். கணினியில் திறந்து, மூன்று புள்ளியைத் தட்டி 'ஷோ ஒரிஜினல்' போங்கள். எஸ்பிஎஃப், டிகிம் (மெயிலில் உங்கள் டொமைன் வைக்கும் டிஜிட்டல் கையெழுத்து), டிமார்க் (இந்த இரண்டில் ஒன்றாவது 'ஃப்ரம்' டொமைனோடு ஒத்துப்போகிறதா, போகாவிட்டால் என்ன செய்வது என்று சொல்லும் விதி) என மூன்று வரி தெரியும். கீழே 'ரிட்டர்ன் பாத்' (போய்ச் சேராத மெயில் திரும்பி வரும் முகவரி) வரியையும் தேடுங்கள். எஸ்பிஎஃப் சோதிப்பது அந்த முகவரியைத்தான். வாங்குபவர் கண்ணில் படும் 'ஃப்ரம்' முகவரியை அல்ல. ஆலை கேட்டில் லாரி நம்பரை மட்டும் சரிபார்க்கிற மாதிரி. டிரம்மில் யார் பெயர் ஒட்டியிருக்கிறது என்று வாட்ச்மேன் பார்ப்பதில்லை. நம் ஆளுக்கு அங்கே இருந்தது மெயில் சேவையின் டொமைன்.

படி 2: ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்பிஎஃப் ரெகார்டு (டொமைன் விவரங்களை வைக்கும் டிஎன்எஸ் என்ற பொதுப் பதிவேட்டில் எழுதும் வரி). இரண்டு போட்டால் இரண்டுமே செல்லாது. எல்லா 'இன்க்ளூட்'டையும் (மெயில் சேவைகளின் பட்டியலை இழுத்துச் சேர்க்கும் சொல்) ஒரே வரியில் சேருங்கள். அந்த வரியைச் சரிபார்க்கத் தேவைப்படும் டிஎன்எஸ் தேடல் 10-ஐத் தாண்டக் கூடாது.

படி 3: உண்மையான வைத்தியம் டிகிம். மெயில் சேவையின் செட்டிங்ஸில் உங்கள் டொமைனைச் சேர்த்து, அது தரும் ரெகார்டுகளை டிஎன்எஸ்ஸில் ஒட்டுங்கள். இது டிரம்மின் மேல் வைக்கிற சீல். வேறு லாரிக்கு மாறினாலும், அதாவது மெயிலை ஃபார்வர்டு செய்தாலும், பெரும்பாலும் உடையாது. டிகிம் என்றால் மெயிலை யாரும் படிக்க முடியாதபடி மறைத்து அனுப்புவது என்று சிலர் நினைக்கிறார்கள். அந்த வேலையை இது செய்யாது.

படி 4: டிமார்க் பாலிசியை 'நன்' என்று வைத்து, ரிப்போர்ட் வர ஒரு முகவரி கொடுங்கள். 'நன்' எதையும் தடுக்காது, வேவு மட்டும் பார்க்கும். சில வாரம் ரிப்போர்ட்டைப் படித்தால், நீங்கள் மறந்துபோன பில்லிங் சாஃப்ட்வேர் கூட உங்கள் பெயரில் மெயில் அனுப்புவது தெரியும். அதையெல்லாம் சரிசெய்த பிறகு 'குவாரன்டைன்' (தேறாததை ஸ்பாமுக்குத் தள்ளு), அப்புறம் 'ரிஜெக்ட்' (வாங்காமலே திருப்பிவிடு). முதல் நாளே 'ரிஜெக்ட்' போட்டால் உங்கள் பில்லே போய்ச் சேராது.

"நாம அனுப்பறது 200 மெயில், நமக்கெதுக்கு?" என்பார்கள். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரே நாளில் 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புவோருக்கு மூன்றும் கட்டாயம். மற்றவர்களுக்கும் எஸ்பிஎஃப், டிகிம் இரண்டில் ஒன்றாவது வேண்டும்.

நம் ஆலைக்காரருக்கு இப்போது மூன்றும் பாஸ். ஆனால் மெயில் லிஸ்டில் பாதி, விலைக்கு வாங்கியது. ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது என்கிறது கூகுள். அந்தப் பாதியைத் தூக்கச் சொன்னேன். "காசு கொடுத்து வாங்கினது தம்பி" என்று இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறார்.