குழுவாக மாதிரிப் புகையிரதப் பாதை: விளிம்பிலிருந்து தொடங்குங்கள்

ஏழெட்டுப் பேர் சேர்ந்து மாதிரிப் பாதை போட வாசிகசாலையில் கூடினால், யாழ்ப்பாண நிலையம் யாருக்கு, நாவற்குழிப் பாலம் யாருக்கு என்பதில்தான் பேச்சுத் தொடங்கும். அதைப் பிறகு பிரிக்கலாம். அவரவர் பகுதியைத் தனிப் பலகையில் செய்து பிறகு ஒன்றாகப் பூட்டுவதால், முதலில் முடிவாக வேண்டியது, பலகையும் பலகையும் சந்திக்கும் விளிம்பு. நடுப்பகுதி அவரவர் விருப்பம்.

அளவுத்திட்டம் 1:87, தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீற்றர். எங்கள் அகலப்பாதை 1676 மி.மீ., கணக்குப்படி 19.3 மி.மீ. வரவேண்டும். அதைச் சரிக்கட்டப் போனால் சில்லிலிருந்து எல்லாம் கைவேலையாகிவிடும். குழுவுக்கு அது ஒத்துவராது, விட்டுவிடுங்கள்.

9 மி.மீ. தடிப்பான 8×4 அடி ஒட்டுப்பலகையை நான்காக அறுத்தால் 4×2 அடியில் நான்கு மேற்பலகை. அவற்றின் இரு அந்தத்துக்கும் 18 மி.மீ. தடிப்பு, 100 மி.மீ. உயரத்தில் முனைத் தட்டுகள். இவற்றை மட்டும் ஆளுக்காள் வீட்டில் செய்யக்கூடாது. ஒரே தச்சர் எல்லாவற்றையும் அறுத்து, ஒரே இரும்பு அச்சை வைத்துத் துளைக்கட்டும். 8 மி.மீ. போல்ட்டுக்கு 10 மி.மீ. துளை: அந்த 2 மி.மீ. இளக்கத்தில்தான் பாதையை நேராக்கி இறுக்குவீர்கள். வார்னிசை இரு பக்கமும் அடியுங்கள். மேலே மட்டும் அடித்தால் அடிப்பக்கம் ஈரம் குடித்துப் பலகை வளையும், கடனீரேரிப் பக்கத்து வீடுகளில் இன்னும் கெதியாக.

20 மீற்றர் நீளப் பெட்டி இந்த அளவில் 23 செ.மீ. ஐந்து பெட்டியும் எஞ்சினும் சேர்ந்தால் ஏறக்குறைய 1.3 மீற்றர், அதாவது ஒரு பலகையைவிட நீளம். ஆகவே விலகுபாதை (ஒரு கோச்சி ஒதுங்கி மற்றதற்கு வழிவிடும் பாதை) உள்ள நிலையத்துக்கு இரண்டு பலகையாவது ஒதுக்கவேண்டும். பாதை பிரியும் இடம் விளிம்பிலிருந்து 15 செ.மீ. உள்ளே இருக்கட்டும். வளைவு ஆரை 60 செ.மீற்றருக்குக் குறைந்தால் நீளப் பெட்டிகள் ஒன்றையொன்று இழுத்துத் தடம்புரட்டும்.

விளிம்பில் ஒவ்வொரு தண்டவாளத்தின் கீழும் ஒரு பித்தளைத் திருகாணியைப் பூட்டி, தலையோடு தண்டவாளத்தைச் சோல்டர் பிடியுங்கள். இரு பலகையையும் இறுக்கிய பிறகே தண்டவாளத்தை மூட்டில் அறுக்கவேண்டும். தனித்தனியே அறுத்துக் கொண்டுவந்தால் ஒருபோதும் பொருந்தாது. மூட்டின்மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள்: நகம் தட்டினால் சில்லும் தட்டும். பட்டா வாகனத்தில் ஏற்றும்போது இந்த நுனிகளை மரத்துண்டால் மூடிக் கட்டுங்கள்.

அடியில் 2.5 சதுர மி.மீ. பிரதான வயர் இரண்டு. ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் 0.5 சதுர மி.மீற்றரில் தனி இணைப்பு. தண்டவாளத் துண்டுகளைப் பொருத்தும் இணைப்புத் தகட்டை நம்பி மின்சாரம் விடவேண்டாம், உப்புக் காற்றில் அது கறுத்துத் தொடர்பு அறும். பார்வையாளர் பக்கத் தண்டவாளம் எப்போதும் சிவப்பு வயர். பலகையை மறுபக்கம் திருப்பிப் பூட்டினால் குறுக்குச்சுற்று நிச்சயம், ஆகவே முன்விளிம்பில் அம்புக்குறி இடுங்கள்.

இலக்கமுறைக் கட்டுப்பாடென்றால் (தண்டவாளம் வழியாகவே ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனிக் கட்டளை போகும் முறை), கோச்சி ஓட்டமுன் மின்சாரத்தைப் போட்டு, ஒரு நாணயத்தால் இரு தண்டவாளத்தையும் ஒவ்வொரு பலகையிலும் தொடுங்கள். தொட்டவுடன் கட்டுப்பாட்டுப் பெட்டி மின்சாரத்தை வெட்டவேண்டும். வெட்டாத பலகையில் வயர் போதாது அல்லது சோல்டர் பிடிக்கவில்லை. திருத்தும்வரை அதன்மேல் எஞ்சினை ஏற்றாதீர்கள்.