அமெரிக்கப் பழைய வெள்ளி: முத்திரையைப் படிப்பதில் எங்கே சறுக்குகிறோம்?

பழைய வெள்ளிக் கரண்டி ஒன்றைத் திருப்பிப் பார்க்கிறீர்கள். காம்பின் பின்புறம் மூன்று சின்ன முத்திரைகள்: சிங்கம், நங்கூரம், ‘ஜி’ என்ற எழுத்து. பலரும் உடனே இங்கிலாந்துச் சரக்கு என்று முடிவு கட்டிவிடுவார்கள். சிங்கம் ஆங்கிலேய ஸ்டெர்லிங் வெள்ளியின் (ஆயிரத்துக்கு 925 பங்கு தூய வெள்ளி) அடையாளம், நங்கூரம் பர்மிங்காம் நகரத்தின் அடையாளம், எழுத்து ஆண்டைச் சொல்வது. எல்லாம் கச்சிதமாகப் பொருந்துகிறதே! ஆனால் அது ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில் இருந்த கோர்ஹாம் கம்பெனியின் முத்திரை. நங்கூரம் ரோட் ஐலண்டின் சின்னம். ‘ஜி’ என்பது கோர்ஹாம். ஆண்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இந்தக் குழப்பத்தின் வேரைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. பிரிட்டனில் வெள்ளியின் மாற்றைச் சோதித்து முத்திரை குத்துவதற்கென்றே அலுவலகங்கள் உண்டு. அமெரிக்காவில் நாடு முழுவதற்குமான அப்படியொரு ஏற்பாடு இருந்ததே இல்லை. பால்டிமோரில் மட்டும் 1814 முதல் 1830 வரை சட்டப்படி சோதனை அலுவலகம் நடந்தது. மற்ற ஊர்களில் செய்தவர் தன் பெயரையோ முதலெழுத்துகளையோ குத்துவார், அவ்வளவுதான். வாங்குபவர்கள் ஆங்கிலேய முத்திரைகளைப் பார்த்துப் பழகியவர்கள் என்பதால் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பல பட்டறைகள் தலை, கழுகு, நட்சத்திரம், ஏதோ ஓர் எழுத்து என்று அதே தோரணையில் குத்திக்கொண்டன. அந்த எழுத்தைப் பிரிட்டிஷ் ஆண்டுப் பட்டியலில் தேடினால் ஏதாவது ஓர் ஆண்டு கிடைக்கத்தான் செய்யும். அது தப்பான ஆண்டாக இருக்கும்.

எண்ணைக் கண்டதும் ஆண்டு என்று நினைப்பது

இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். ‘1847 ரோஜர்ஸ் பிரதர்ஸ்’ என்று பொறித்த கரண்டிகள் அமெரிக்காவில் எந்தப் பழைய சாமான் கடைக்குப் போனாலும் கிடக்கும். விற்பவர் 1847இல் செய்தது என்று கூசாமல் சொல்வார். கனெக்டிகட் மாநிலத்து ரோஜர்ஸ் சகோதரர்கள் மின்முலாம் தொழிலில் இறங்கிய ஆண்டு என்ற முறையில் அந்த எண் வணிகப் பெயரிலேயே சேர்ந்துகொண்டது. மெரிடன் பிரிட்டானியா கம்பெனியும், 1898இல் உருவான இன்டர்நேஷனல் சில்வரும் அதே பெயரில் தலைமுறை தலைமுறையாகச் செய்து தள்ளின. இன்னொன்று, அது முலாம்தான், கெட்டி வெள்ளி இல்லை.

‘பேட்டன்ட்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆண்டும் இதே ரகம். அந்த வடிவமைப்புக்கு உரிமை பெற்ற ஆண்டு அது. உங்கள் கையில் இருப்பதைச் செய்த ஆண்டு அல்ல. கோர்ஹாமின் ‘ஷான்டிலி’ வடிவம் 1895இல் வந்தது. நூறு ஆண்டு கழித்தும் அதைச் செய்துகொண்டிருந்தார்கள். எனவே 1895 என்பது கீழ் எல்லை மட்டுமே, அதற்கு முன்னால் இருக்க முடியாது.

பால்டிமோர் வெள்ளியில், குறிப்பாக சாமுவேல் கிர்க் பட்டறைச் சாமான்களில், ‘10.15’, ‘11 அவுன்ஸ்’ என்று இருக்கும். எடை என்று நினைத்துத் தராசில் வைத்துப் பார்த்து, குறைகிறதே என்று சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. அது மாற்று. 12 அவுன்ஸ் கொண்ட ஒரு டிராய் பவுண்டில் எவ்வளவு தூய வெள்ளி என்பதைச் சொல்கிறது. 11 அவுன்ஸ் என்றால் ஆயிரத்துக்குச் சுமார் 917. ‘10.15’ என்பது பத்து அவுன்ஸ் பதினைந்து பென்னிவெயிட் (ஓர் அவுன்ஸுக்கு 20 பென்னிவெயிட்), அதாவது ஆயிரத்துக்குச் சுமார் 896.

நியூயார்க்கின் நகை, வெள்ளிக் கம்பெனியான டிஃபனியின் எழுத்துகளையும் இங்கேயே சொல்லிவிடலாம். அந்தக் காலத் தலைவரின் பெயரெழுத்தை முத்திரையோடு சேர்த்துக் குத்துவது அவர்கள் வழக்கம். 1891 முதல் 1902 வரை ‘டி’ (T), 1907 வரை ‘சி’, அதன்பின் 1947 வரை ‘எம்’. சிக்கல் என்னவென்றால், 1891க்கு முன்னாலும் ஒரு ‘எம்’ உண்டு. எட்வர்ட் மூர் காலத்தது. எழுத்தை மட்டும் பார்த்தால் அரை நூற்றாண்டு தவறிப்போகலாம். வடிவத்தையும் அலங்காரத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் எந்த ‘எம்’ என்று பிடிபடும். கோர்ஹாம் இந்த விஷயத்தில் புண்ணியம் கட்டிக்கொண்டது. 1868இல் ஸ்டெர்லிங் தரத்துக்கு மாறியபோதே, கம்பெனியைக் குறிக்கும் ‘ஜி’ போக, ஆண்டுக்கு ஓர் எழுத்து என்று தனியாகத் தொடங்கி, 1885 முதல் ஆண்டுக்கு ஒரு சின்னப் படம் என்று தொடர்ந்தது. அங்கே எழுத்துக்கு நிஜமாகவே ஆண்டு உண்டு. ஆனால் 1868க்கு முந்தைய கோர்ஹாமில் அதைத் தேடக்கூடாது.

‘ஸ்டெர்லிங்’ இல்லை என்பதால் ஒதுக்கிவிடுவது

அமெரிக்க வெள்ளியில் அந்தச் சொல் பரவலானதே 1860களுக்குப் பிறகுதான். அதற்கு முந்தைய கரண்டிகள் பெரும்பாலும் நாணய வெள்ளி. 1837 முதல் அமெரிக்க நாணயத்தின் மாற்று ஆயிரத்துக்கு 900, ஸ்டெர்லிங்குக்கு 925. ‘காயின்’, ‘பியூர் காயின்’, ‘டாலர்’, ‘ஸ்டாண்டர்ட்’ என்றெல்லாம் சிலர் குத்தினார்கள். நிறையப் பேர் தங்கள் பெயரோடு நிறுத்திக்கொண்டார்கள். மெல்லிய தகடு, காம்பின் பின்னால் ஒரு பெயர் மட்டும், வேறொன்றும் இல்லை. இப்படிப்பட்ட கரண்டிகளைத்தான் முலாம் என்று நினைத்துப் பெட்டியோடு அள்ளிக் கொடுத்துவிடுகிறார்கள்.

சொல் இருப்பதால் மட்டும் நம்பிவிடுவது இதன் மறுபக்கம். ஹோம்ஸ் அண்ட் எட்வர்ட்ஸ் கம்பெனியின் ‘ஸ்டெர்லிங் இன்லெய்ட்’ கரண்டிகளில், மேசையில் உரசித் தேயும் இடங்களில் மட்டும் வெள்ளித் துண்டு பதித்து, மேலே முலாம் பூசியிருப்பார்கள். ‘ஏ1’, ‘டிரிபிள்’, ‘குவாட்ரபிள்’ எல்லாம் முலாமின் கனத்தைச் சொல்பவை. ஜெர்மன் சில்வர் பற்றி நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, பூஜைத் தட்டு வாங்கியே பழகியிருப்பார்கள்: செம்பு, நிக்கல், துத்தநாகம். அமெரிக்காவில் அதே சரக்கு ‘நெவாடா சில்வர்’, ‘அலாஸ்கா சில்வர்’ என்ற பெயர்களிலும் விலை போனது. மெழுகுவத்தித் தண்டில் ‘வெயிட்டட்’ என்று இருந்தால் எடை போட்டு வாங்காதீர்கள். மேலே வெள்ளித் தகடு, உள்ளே சிமென்ட்.

பெயர் இருந்தால் செய்தவர் பெயர்தான் என்று எண்ணுவது

19ஆம் நூற்றாண்டு முன்னேற முன்னேற நியூயார்க், பாஸ்டன், பிராவிடன்ஸ் பட்டறைகள் மொத்தமாகச் செய்து ஊர் ஊராக அனுப்பின. சின்ன ஊர் நகைக்கடைக்காரர் தன் பெயரைக் குத்தி விற்றார். அதனால் ஒரு கரண்டியில் பாதி உலகமே கேள்விப்படாத ஊர்க் கடையின் பெயர் பெரிதாகவும், உண்மையில் செய்தவரின் அடையாளம் ஓரத்தில் மினுக்கென்றும் இருக்கும். சில சமயம் அதுவும் இருக்காது. வணிகச் சின்னம் கட்டாயமானதே 1961இல்தான். அதுவும் தரக்குறி குத்தியிருந்தால் கூடவே சின்னமும் வேண்டும் என்ற அளவில். 1906ஆம் ஆண்டுச் சட்டம் மாற்றைப் பற்றிப் பொய் சொல்லாதே என்றதே தவிர, யார் செய்தது என்று கேட்கவில்லை.

வீட்டுக்காரர்கள் பேர் வெட்டியதை முத்திரை என்று படிப்பது இன்னொரு வேடிக்கை. முன்புறம் முக்கோணமாக மூன்று எழுத்து இருந்தால் மேலே குடும்பப் பெயர், கீழே இடப்பக்கம் கணவன், வலப்பக்கம் மனைவி. முத்திரை அச்சால் அடித்துக் குழிந்தது. சுற்றிலும் விளிம்பு போட்ட ஒரு சின்னச் சட்டத்துக்குள் எழுத்து புடைத்து நிற்கும். பேர் வெட்டியது உளியால் கீறியது. விரல் நுனியில் தடவினாலே வித்தியாசம் தெரியும்.

எழுத்து பொருந்துகிறது, போதும் என்று நிறுத்துவது

ஒரே முதலெழுத்துள்ள கைவினைஞர்கள் பலர் இருந்தார்கள். பழைய காலத்தில் ‘ஜே’க்குப் பதில் ‘ஐ’ குத்துவார்கள். 1652இல் பாஸ்டனில் காசு அடிக்கத் தொடங்கிய ஜான் ஹல்லின் முத்திரை ‘ஐ எச்’. பட்டியலில் எழுத்தைத் தேடுவதோடு, சட்டம் செவ்வகமா, இதயமா, முட்டையா, எழுத்துகளுக்கு நடுவே புள்ளி உண்டா, புள்ளி கீழே இருக்கிறதா நடுவிலா என்று பொறுமையாக ஒப்பிட வேண்டும். கரண்டியின் வடிவமும் அந்த ஆளின் காலமும் ஒத்துப்போகவில்லை என்றால் எழுத்து எவ்வளவு பொருந்தினாலும் விட்டுவிடுங்கள்.

பாஸ்டனின் புகழ்பெற்ற வெள்ளிக் கைவினைஞர் பால் ரெவியர் பெயர் வந்தால் இரட்டிப்புச் சந்தேகம் வேண்டும். தந்தை, மகன் இருவருக்கும் ஒரே பெயர், இருவருக்கும் ஒரே தொழில். 20ஆம் நூற்றாண்டில் புரூக்ளினில் ரெவியர் பெயரில் ஒரு கம்பெனியும் இருந்தது. புகழ்பெற்ற மகன் இறந்தது 1818இல். ‘ரெவியர்’ பக்கத்தில் ‘ஸ்டெர்லிங்’ என்று இருந்தால் அது அவர்கள் செய்தது இல்லை, வேறெதையும் பார்க்க வேண்டாம். போலிகளில் இரண்டு வகை அதிகம். முதல் வகை, அசல் சாமானை அச்செடுத்து வார்த்தது. அடித்த முத்திரையின் ஓரம் கூராக இருக்கும். வார்த்ததில் மழுங்கி, பொடிப்பொடிக் குழிகளோடு இருக்கும். ஆறு கரண்டியிலும் முத்திரை இம்மி பிசகாமல் ஒரே இடத்தில், ஒரே கோணத்தில் இருந்தால் உஷார். கையால் அடித்தால் அப்படி அமையாது. இன்னொரு வகை, மலிவான கரண்டியிலிருந்து அசல் முத்திரையை வெட்டி எடுத்துப் பெரிய குவளையின் அடியில் பதித்துப் பற்றவைப்பது. வாயால் ‘ஹா’ என்று ஊதுங்கள். ஆவி படியும்போது பற்றவைத்த கோடு முத்திரையைச் சுற்றித் தனியாகத் தெரியும். பெரிய தொகை என்றால் எக்ஸ்ரே மூலம் உலோகக் கலவையைச் சோதிக்கும் கருவி இருக்கிறது. பழைய வெள்ளியில் தங்கமும் ஈயமும் துளித்துளி கலந்திருக்கும். மின்பகுப்பில் சுத்திகரித்த இன்றைய வெள்ளியில் அந்தத் தடயம் இருக்காது.

அப்புறம், முத்திரை மங்கலாக இருக்கிறது என்று பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். மிச்சமிருக்கும் எழுத்தும் போய்விடும். மாற்றைச் சோதிக்கும் அமிலச் சொட்டையும் முத்திரை மேலோ பக்கத்திலோ விட வேண்டாம். அறையை இருட்டாக்கி, செல்போன் டார்ச்சைக் கரண்டியோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்து, நான்கு திசையிலிருந்தும் படம் எடுங்கள். ஒரு திசையில் தெரியாத எழுத்து இன்னொரு திசையில் தெரியும்.