கனடாவில் பூர்வகுடிச் சமூகங்களுக்கான மின்வாகனச் சார்ஜர் மானியம்: எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது

கனடாவில் மின்வாகனச் சார்ஜர் அமைப்பதற்கு அரசு தரும் மானியங்களில் பூர்வகுடிச் சமூகங்களுக்கும் அவர்களுடைய தொழில் நிறுவனங்களுக்கும் தனி இடம் உண்டு. ஆனால் தகுதி இருந்தும், வேலைகளின் வரிசை பிசகுவதால் அந்தப் பணம் கைநழுவிப்போகக்கூடும். ஒப்புதல் கடிதம் வருமுன் சார்ஜரை வாங்கிவிட்டால், அந்தச் செலவைப் பல திட்டங்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. பூர்வகுடிச் சமூகங்களை நிர்வகிக்கும் சபைகளோடு கணக்காளராகவோ மின்பணியாளராகவோ திட்ட ஒருங்கிணைப்பாளராகவோ பணிபுரியும் தமிழர்களுக்காக, அந்த வரிசையை இங்கே எழுதுகிறேன்.

முதலில், சார்ஜர் யாருக்காக என்பதைச் சபை முடிவு செய்யட்டும். சபை அலுவலகத்தின் முன்னால் நிற்கும் வாகனங்களுக்கா, நோயாளிகளை நகரத்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் வண்டிகளுக்கா, நெடுஞ்சாலையில் போகும் பயணிகளுக்கா என்பதைப் பொறுத்தே கருவியும் மானியமும் மாறும். இரவு முழுவதும் நிற்கும் வண்டிக்கு, சில மணி நேரத்தில் மெதுவாக மின்னேற்றும் லெவல் 2 சார்ஜர் தாராளமாகப் போதும். 40 ஆம்பியர் பிரேக்கரில் தொடர்ந்து எடுக்கக்கூடியது 32 ஆம்பியர் மட்டுமே. 240 வோல்ட்டில் அது ஏறத்தாழ 7.7 கிலோவாட் ஆகும். மும்முனை இணைப்புள்ள பொதுக் கட்டடங்களில் பெரும்பாலும் 208 வோல்ட்தான் கிடைக்கும் என்பதால், அதே சார்ஜர் அங்கே 6.7 கிலோவாட்டைத் தாண்டாது. விண்ணப்பத்தில் எழுதும் எண் அந்தக் கட்டடத்தின் வோல்ட் அளவோடு பொருந்த வேண்டும்.

50 கிலோவாட்டும் அதற்கு மேலுமுள்ள வேகச் சார்ஜரைப் பற்றி யோசிக்கும் சமூகங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். மாதத்தின் உச்ச மின்தேவைக்குத் தனிக் கட்டணம் போடும் இடங்களில், நாளுக்கு இரண்டொரு வண்டிகள் மட்டுமே வந்தாலும் அந்த உச்சத்துக்கான தொகையைச் செலுத்தியே தீர வேண்டும். டீசல் ஜெனரேட்டரை நம்பி வாழும் வடபகுதிக் குடியிருப்புகளில் ஒரே ஒரு வேகச் சார்ஜர்கூட ஊருக்குக் கிடைக்கும் மின்சாரத்தில் கணிசமான பங்கை உறிஞ்சிவிடக்கூடும். நெடுஞ்சாலைப் போக்குவரத்து உறுதியாக இல்லாத இடத்தில், லெவல் 2 சார்ஜர்களோடு தொடங்குவதே சமூகத்தின் பணத்துக்குப் பாதுகாப்பு என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது நிலம். ஒதுக்கு நிலத்தில் (பூர்வகுடிச் சமூகத்தின் பயன்பாட்டுக்கென மத்திய அரசு ஒதுக்கிய ‘ரிசர்வ்’ நிலம்) சமூகமே தன் சார்ஜரை அமைக்குமானால், இடத்தையும் செலவையும் கையொப்பமிடும் அதிகாரத்தையும் குறிப்பிடும் சபைத் தீர்மானம் ஒன்றே பெரும்பாலும் அடிப்படை ஆவணமாகிவிடும். வெளி நிறுவனம் ஒன்று அந்த நிலத்தைப் பயன்படுத்தப்போகிறது என்றால் நிலைமை வேறு. ஒதுக்கு நிலங்களை ஆளும் கனடாவின் மத்தியச் சட்டமான இந்தியன் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி மத்திய அமைச்சர் தரும் அனுமதி ஓராண்டுக்கு மேற்படாது. அதற்கு மேல் நீள வேண்டுமானால் சபையின் இசைவு வேண்டும். சார்ஜர் பல ஆண்டுகள் இயங்க வேண்டிய கருவி ஆகையால், இந்த இசைவைத் தொடக்கத்திலேயே கேட்டு வாங்குங்கள். முதற்குடிகளின் (ஃபர்ஸ்ட் நேஷன்ஸ்) நில நிர்வாகச் சட்டகத்தின் கீழ்த் தன் நிலச் சட்டத்தைத் தானே இயற்றியுள்ள சமூகத்துக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. அங்கே சமூகத்தின் நில அலுவலகமே முடிவெடுக்கும்.

நிலத்துக்கான ஏற்பாடு நடக்கும்போதே மின் நிறுவனத்துக்கு எழுதிவிடுங்கள். இருக்கும் பேனலில் எவ்வளவு சுமை மீதமிருக்கிறது, மின்மாற்றியை மாற்ற வேண்டுமா, அதற்கு எத்தனை மாதம் ஆகும் என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் வேண்டும். மானிய ஒப்பந்தத்தில் பணி முடிக்கும் தேதி இருக்கும். மின்மாற்றி அந்தத் தேதிக்குள் வராவிட்டால் ஒப்புக்கொண்ட பணமும் போய்விடக்கூடும்.

இனி மானியங்கள். மத்திய அரசின் இயற்கை வளத் துறை 2019இல் தொடங்கிய சுழிய உமிழ்வு வாகன உள்கட்டமைப்புத் திட்டமே இவற்றில் முதன்மையானது. பொது இடம், பணியிடம், அடுக்குமாடிக் குடியிருப்பு, நிறுவன வாகனங்கள் ஆகியவற்றுக்கான சார்ஜர்களுக்கு அது நிதி தந்துவந்திருக்கிறது. தனி வீட்டுச் சார்ஜருக்கு அதில் இடமில்லை. சிறிய திட்டங்களுக்கான பணம் இடைநிலை அமைப்புகள் வழியாகப் பகிரப்பட்டுவந்தது. பூர்வகுடி மக்களுக்காகவே இயங்கும் ‘இண்டிஜினஸ் கிளீன் எனர்ஜி’ அமைப்பின் ‘சார்ஜ் அப்’ திட்டம் அவ்வகையைச் சேர்ந்தது. மாகாணங்களும் தனித்தனியே உதவுகின்றன. பிரிட்டிஷ் கொலம்பியாவின் ‘கிளீன்பிசி கோ எலெக்ட்ரிக்’ திட்டம் பூர்வகுடிச் சமூகங்களுக்கும் நிறுவனங்களுக்கும் மற்றவர்களைவிடக் கூடுதல் பங்கை வழங்கிவந்தது. ஒன்ராறியோவின் ‘ஈவி சார்ஜ்ஆன்’ திட்டம், மக்கள்தொகை 1,70,000க்குக் குறைவான ஊர்களையும் பூர்வகுடிச் சமூகங்களையும் மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது. இவை பெரும்பாலும் நிதி தீர்ந்ததும் மூடப்பட்டு, புதிய ஒதுக்கீடு வந்தால் திறக்கப்படுபவை. எனவே மேலே சொன்ன ஆவணங்களைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருப்பவருக்கே வாய்ப்பு அதிகம்.

நிறுவனமாக விண்ணப்பிப்பவர், உரிமையிலும் கட்டுப்பாட்டிலும் குறைந்தது 51 விழுக்காடு பூர்வகுடி மக்களிடம் இருப்பதைக் காட்ட வேண்டியிருக்கும். பங்குப் பதிவேட்டின் நகல் போன்றவற்றை முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

வரவுசெலவைப் போடும்போது, விழுக்காட்டை மட்டும் பார்க்காமல் ஒவ்வோர் இணைப்புக்குமான (வண்டியில் செருகும் ஒவ்வொரு கேபிள் முனைக்குமான) உச்சவரம்பையும் பார்க்க வேண்டும். மத்தியத் திட்டத்தின் பொது விதி செலவில் பாதியைத் தந்துவந்தது. ஆனால் லெவல் 2 இணைப்பு ஒன்றுக்கு 5,000 டொலர் வரைதான். சபை அலுவலகத்தில் இரண்டு இணைப்புகளுக்கு, வாகனத் தரிப்பிடத்தைத் தோண்டிக் கேபிள் பதிப்பதையும் சேர்த்து, 24,000 டொலர் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பாதி என்பது 12,000; உச்சவரம்போ 10,000. கிடைப்பது 10,000தான், மீதி 14,000ஐச் சமூகம் தேட வேண்டும். பூர்வகுடி விண்ணப்பதாரருக்கான விழுக்காடு கூடுதலாக இருந்தாலும் இதே முறையில்தான் கணக்கிட வேண்டும். மாகாண மானியத்தையும் சேர்க்க நினைத்தால், அரசுப் பணம் மொத்தமாக எவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்ற வரம்பை இரண்டு ஒப்பந்தங்களிலும் பார்த்துவிடுங்கள். தோண்டுவதுதான் பெருஞ்செலவு என்பதால், பின்னாளில் சேர்க்கவிருக்கும் சார்ஜர்களுக்கான வெற்றுக் குழாய்களையும் அதே குழியில் இப்போதே இட்டுவிடுவது நல்லது.

மானியம் பெரும்பாலும் செலவழித்த பிறகே கைக்கு வரும். மேற்படி 24,000 டொலரையும் சமூகம் முதலில் தன் கையிலிருந்து கட்டியாக வேண்டும். சிறிய சமூகங்களுக்கு இந்த இடைவெளி உண்மையான சுமை. இதைத் திட்டம் வகுப்பவர்கள் இன்னும் போதிய அளவு உணரவில்லை என்றே நினைக்கிறேன். தனியார் தொழில்முனைவோர் அருகிலுள்ள பூர்வகுடி நிதி நிறுவனத்தை அணுகலாம். அவற்றின் தேசியக் கூட்டமைப்பு நிர்வகிக்கும் பூர்வகுடித் தொழில்முனைவோர் திட்டம், தனிநபருக்கு 99,999 டொலர் வரையும் சமூகத்துக்குச் சொந்தமான நிறுவனத்துக்கு 2,50,000 டொலர் வரையும் திருப்பிச் செலுத்த வேண்டாத உதவியை வழங்குகிறது.

வரியிலும் கவனம் தேவை. சபையோ இந்தியன் சட்டத்தின்படி பதிவு பெற்ற தனிநபரோ ஒதுக்கு நிலத்துக்கு வெளியே வாங்கும் கருவியை விற்பனையாளரே அந்த நிலத்தில் கொண்டுவந்து இறக்கினால், சரக்கு சேவை வரி பொதுவாக இல்லை. தாங்களே போய் ஏற்றிவந்தால் அந்த விலக்கு கிடைக்காமல் போகலாம் என்பதால், விநியோகச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். சாதாரணக் கம்பனியாகப் பதிந்த நிறுவனத்துக்கு, அதன் உரிமையாளர் பதிவு பெற்றவராக இருந்தாலும், இந்த விலக்கு பொருந்தாது. அது வரியைக் கட்டி, உள்ளீட்டு வரிக் கழிவாகத் திரும்பப் பெறலாம்.

கருவியைத் தெரிந்தெடுக்கும்போது கனடாவில் செல்லுபடியாகும் பாதுகாப்புச் சான்று முத்திரை கருவியிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே விற்பனையாளரின் மென்பொருளில் சிக்காதிருக்க, சார்ஜரும் அதை நிர்வகிக்கும் மென்பொருளும் பேசிக்கொள்ளும் ஓசிபிபி என்னும் திறந்த நெறிமுறையில் இயங்குவதைக் கேளுங்கள். பயனர்களிடம் கட்டணம் வாங்கப்போகிறீர்கள் என்றால், வேகச் சார்ஜர்களில் கிலோவாட் மணிக்கணக்கில் விற்க, அளவைகளைக் கண்காணிக்கும் மத்திய அமைப்பான ‘மெஷர்மென்ட் கனடா’ 2023இல் வழிவிட்டது; ஆனால் அதன் நிபந்தனைகளுக்கு உட்பட்ட கருவியாக அது இருக்க வேண்டும். பனி தள்ளும் வண்டி இடிக்காதபடி தடுப்புத் தூண்களையும், குவியும் பனிக்கு மேலே நிற்கும் அளவுக்கு உயரமான பீடத்தையும் முதல் விலைமதிப்பீட்டிலேயே சேர்த்துவிடுங்கள். பிறகு சேர்க்கும் செலவுக்கு மானியம் கிடைப்பது கடினம்.

பணி முடிந்ததும் கேட்கப்படுபவை பெரும்பாலும் இவைதாம்: பணம் கட்டியதற்கான சான்றுடன் கூடிய பில்கள், மின் பரிசோதகரின் அனுமதிச் சான்று, பொருத்தப்பட்ட சார்ஜரின் தொடர் எண் தெரியும் ஒளிப்படம். கேபிளைப் பதித்துக் குழியை மூடுமுன் அந்த வேலையையும் படமெடுத்து வையுங்கள், ஏனெனில் மூடிய பிறகு அதைக் காட்ட வேறு வழியில்லை.